இளங்கலையிலேயே பொதுக் கொள்கை படிக்கலாமா?

ஸ்ரீராமபுரத்துத் தந்தை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பெங்களூருவில், மல்லேசுவரத்திலுள்ள ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறாள். வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல், சமூகவியல் ஆகிய நான்கும் சேர்ந்த ஹெச்.இ.பி.எஸ். பிரிவு, கணிதம் கிடையாது. நான் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சி.என்.சி. இயந்திரத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பூர்வீகம் திருப்பத்தூர் பக்கம். என் தந்தை காலத்திலேயே இங்கு வந்துவிட்டோம். குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகப் போகிற முதல் பிள்ளை இவள் என்பதால், இந்த முடிவில் வழிகாட்டச் சொந்தத்தில் யாரும் இல்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவள் பி.ஏ. பொதுக் கொள்கை, அதாவது பப்ளிக் பாலிசி, படிக்க விரும்புகிறாள். இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். 2023-இல் கர்நாடகத்தில் புதிய அரசு வந்தபோது, அன்ன பாக்கியா திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்குக் கூடுதலாக ஐந்து கிலோ அரிசி தருவதாக அறிவித்திருந்தது. அவ்வளவு அரிசி கிடைக்காததால், கிலோவுக்கு 34 ரூபாய் என்று கணக்கிட்டு, ஆளுக்கு 170 ரூபாயைக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் போடத் தொடங்கினார்கள். அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த என் மகள், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் சந்தில் பதினொரு வீடுகளுக்குப் போய், அரிசி நல்லதா பணம் நல்லதா என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். யாரும் அவளுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. "பணமாக வந்தால் எதற்காவது போய்விடும், அரிசியாக வந்தால் சோறாகத்தானே ஆகும்" என்று ஒரு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். "எங்கள் வீட்டில் ராகிதான் சமைக்கிறோம், எனக்குப் பணமே போதும்" என்று அடுத்த வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கணக்கு இருந்தும் ஆதார் இணைக்கப்படாததால் மூன்று மாதம் பணம் வரவில்லை என்பதையும் இவள்தான் கண்டுபிடித்தாள். 2025 பிப்ரவரியில் பணத்தை நிறுத்திவிட்டு அரிசியையே தருவதாக அரசு அறிவித்தபோது, அந்த நோட்டை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்படி யோசிப்பதையே ஒரு படிப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

அவள் விரும்பும் படிப்பு ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நான்கு ஆண்டுகள். ஓர் ஆண்டுக் கட்டணம் மட்டும் என் ஆண்டுச் சம்பளத்தில் பாதியைத் தாண்டுகிறது. வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் மிகக் குறைந்த செலவில் படிக்கலாம். என் உறவினர்கள் பி.காம். சேர்த்துவிடச் சொல்கிறார்கள்.

என் கேள்விகள் இவை. பொதுக் கொள்கை என்பது உண்மையில் என்ன படிப்பு? பதினேழு வயதில் அதைப் படிப்பது சரிதானா, அல்லது வேறொன்றைப் படித்துவிட்டுப் பிறகு அதற்கு வருவது நல்லதா? படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்? ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு இது உதவுமா? அவள் ஆசையைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. அதே சமயம் தெரியாமல் கடனில் இறங்கவும் முடியாது.

கள ஆய்வாளர் எழுதுகிறார்:

ஐயா, உங்கள் மகள் செய்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழைகளுக்கு உதவியைப் பொருளாகத் தருவதா, பணமாகத் தருவதா என்பது கொள்கை ஆய்வில் இன்னும் முடிவு பெறாத பெரிய வாதங்களில் ஒன்று. அவள் அதைப் பதினொரு வீடுகளில் நேரில் கேட்டிருக்கிறாள். அதைவிட முக்கியமாக, பணம் அனுப்பப்பட்டது என்பதும் பாட்டியின் கைக்குப் பணம் வந்தது என்பதும் வேறு வேறு என்பதைக் கண்டிருக்கிறாள். பெங்களூருவில் பதினைந்து ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். முதுகலை முடித்து வேலைக்கு வருகிறவர்களிலும் பலருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

பொதுக் கொள்கை என்ன படிப்பு என்று கேட்டீர்கள். நம் எல்லோருக்கும் தெரிந்த சத்துணவை எடுத்துக்கொள்வோம். காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010-இல் அது வாரத்துக்கு ஐந்து முட்டையானது. 2022-இல் காலை உணவும் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் சிலர் உட்கார்ந்து சில கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டியிருந்தது. யாருக்குத் தருவது, யார் சமைப்பது, பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும், முட்டை உடையாமல் மலைக்கிராமத்துப் பள்ளிக்கு எப்படிப் போய்ச் சேரும், தந்ததால் பிள்ளைகளின் வருகையும் உடல்நலமும் உண்மையில் மாறினவா, மாறின என்பதை எப்படித் தெரிந்துகொள்வது. இந்தக் கேள்விகளுக்கு விடை காணப் பொருளாதாரம் கொஞ்சம், புள்ளியியல் கொஞ்சம், அரசியலமைப்பும் சட்டமும் கொஞ்சம், அரசு நிதி கொஞ்சம், மக்களிடம் போய்ப் பேசும் பயிற்சி நிறைய வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே படிப்பில் சேர்த்துத் தருவதற்குத்தான் பொதுக் கொள்கை என்று பெயர்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டில் இது பெரும்பாலும் முதுகலையில்தான் கற்பிக்கப்பட்டு வந்தது. இங்கேயே, இந்திய மேலாண்மைக் கழகத்தில் பணியில் இருக்கும் அரசு அதிகாரிகளுக்காக 2002-இல் ஒரு கொள்கைப் படிப்பு தொடங்கியது. நாகரபாவியிலுள்ள தேசிய சட்டப் பள்ளியில் 2014 முதல் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு நடக்கிறது. அதற்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே ஒரு துறையை அறிந்தவர், அந்த அறிவைக் கொள்கைக்குக் கொண்டுவருவார் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். மருத்துவம் படித்தவர் சுகாதாரக் கொள்கைக்கு வருவார், பொறியியல் படித்தவர் குடிநீருக்கோ மின்சாரத்துக்கோ வருவார். இளங்கலையிலேயே தொடங்கும்போது, கொண்டுவருவதற்கு மாணவரிடம் எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் அந்தப் படிப்பே தர வேண்டும். நன்றாகத் தரும் இடங்களும் உண்டு. நான்கு ஆண்டுகளும் கருத்தரங்கிலும் செய்தித்தாள் விவாதத்திலும் போய்விட்டு, ஒரு வரவுசெலவு அட்டவணையைக் கூட வாசிக்கத் தெரியாமல் வெளியே வருகிறவர்களையும் நேர்காணலில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக வருந்தியிருக்கிறேன், தவறு அவர்களுடையது அல்ல.

ஆகவே பெயரை விட்டுவிட்டு, பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். இணையதளத்தில் அழகாகப் போட்டிருக்கும் தலைப்புப் பட்டியலை நம்பாமல், எந்தப் பருவத்தில் என்ன தாள், அதை நடத்துபவர் என்ன படித்தவர் என்ற விவரத்தைக் கேளுங்கள். புள்ளியியல் குறைந்தது இரண்டு பருவம் இருக்க வேண்டும். பொருளாதாரம் அறிமுகத்தோடு நின்றுவிடாமல் அரசு நிதி வரைக்கும் போக வேண்டும். வகுப்பறைக்கு வெளியே மாணவர்கள் எத்தனை வாரம் இருக்கிறார்கள், கடந்த ஆண்டு எங்கே போனார்கள் என்று கேளுங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுதிய ஆய்வறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

கணிதம் இல்லை என்பதை நீங்களே குறிப்பிட்டது நல்லது. டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற பல இடங்களில் பொருளாதாரம் ஆனர்ஸ் சேர்வதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் கணிதம் கட்டாயம். எனவே உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு, கணிதத்தை அடிப்படையிலிருந்து கற்பித்துப் புள்ளியியலுக்கு அழைத்துச் செல்லும் ஒரு நல்ல கொள்கைப் படிப்பு, வேறெங்கும் கிடைக்காத வாசலாக அமையலாம். பெங்களூருப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில் 2017-இல் தொடங்கப்பட்ட அம்பேத்கர் பொருளாதாரப் பள்ளி மாநில அரசுடையது; அங்கே இவளுடைய பிரிவை ஏற்கிறார்களா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. நுழைவுத் தேர்வை விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று. இங்கே ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வார்டு அலுவலகத்தில் கன்னடத்தில் ஒரு கோப்பை வாசித்து, அன்று மாலையே ஒரு குடியிருப்பில் தமிழில் பேசி உண்மையைத் தெரிந்துகொண்டு, இரவு அதை ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர்களைத் தேடித்தான் நாங்கள் அலைகிறோம். உங்கள் மகளிடம் அது பாதி இருக்கிறது.

பழைய மாணவி எழுதுகிறார்:

ஐயா, நான் பொதுக் கொள்கையை இளங்கலையில் படித்தவள். மேலே எழுதியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இளங்கலையில் தொடங்கும் மாணவரிடம் கொண்டுவர எதுவும் இருக்காது என்பதை ஏற்க முடியவில்லை. எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வருகிறவர்கள் ரேஷன் கடை வரிசையையும், தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த காலையையும், சாதிச் சான்றிதழுக்கு நான்கு முறை நடந்ததையும் கொண்டு வருகிறோம். அவற்றை எப்படிக் கேள்வியாக மாற்றுவது என்பதைத்தான் எனக்கு அந்தப் படிப்பு கற்றுக்கொடுத்தது.

ஒரு நாளைச் சொல்கிறேன். 2023 ஜூன் 11-ஆம் தேதி கர்நாடகத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கியது. அந்த ஆண்டு எங்கள் களப்பணி அதுதான். சிவாஜி நகரிலிருந்து கிளம்பும் ஒரு பேருந்தில் நானும், ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடத்துநர் என் ஆதாரைப் பார்த்துவிட்டுக் கட்டணம் பூச்சியம் என்று அச்சிட்ட சீட்டைக் கிழித்துத் தந்தார். அத்தையின் ஆதாரில் வாணியம்பாடி முகவரி. அவர் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார். "நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் யாரும் அட்டை கேட்பதில்லையே" என்றார் அத்தை. அவ்வளவுதான் நடந்தது. அதை வைத்து எங்கள் ஆசிரியர் இரண்டு வாரம் வகுப்பு நடத்தினார்.

தமிழ்நாட்டில் 2021-இல் வந்த திட்டம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் ஏறும் எல்லாப் பெண்களுக்கும். எந்த ஊர்ப் பெண் என்று கேட்பதில்லை. கர்நாடகத்தில் இந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும். ஆனால் மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் சாதாரணப் பேருந்துக்கும் பொருந்தும். டெல்லியில் 2019-இலேயே இளஞ்சிவப்பு நிறச் சீட்டோடு தொடங்கிவிட்டார்கள். மூன்றையும் ஒரே பெயரில் இலவசப் பயணம் என்று சொல்கிறோம். உள்ளே மூன்றும் வேறு வேறு. பூச்சியச் சீட்டு எதற்கு, சும்மா ஏற்றிக்கொண்டு போகக் கூடாதா என்று நான் கேட்டேன். அந்தச் சீட்டின் எண்ணிக்கையை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தர வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் அந்தப் பயணம் கணக்கில் நடக்கவே இல்லை. அதே சமயம், அட்டையைக் கேட்டால் வெளிமாநிலத்திலிருந்து வந்து வீட்டுவேலை செய்யும் பெண்கள் விடுபடுவார்கள். கேட்காவிட்டால் செலவு எவ்வளவு கூடும் என்று நிதித்துறை கேட்கும். இதில் எது சரி என்று ஆசிரியர் கடைசி வரை சொல்லவில்லை. நாங்கள் ஒவ்வொருவரும் நிறுத்தத்தில் நின்று எண்ணி, கணக்குப் போட்டு, ஆறு பக்கம் எழுதினோம். என் கணக்கில் பிழை இருந்தது. அதைத் திருத்தி மறுபடியும் எழுதினேன். நான் எக்ஸெல் கற்றுக்கொண்டது அந்த ஆறு பக்கத்தில்தான்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் சிலர் தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வு மையங்களிலும் சேர்ந்தார்கள்; சிலர் அரசுத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் தனியார் நிறுவனங்களுக்குப் போனார்கள்; ஒருவர் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் இருக்கிறார். பாதிப் பேருக்கு மேல் உடனே முதுகலைக்குத்தான் போனார்கள். தொடக்கச் சம்பளம் கணினித் துறையில் சேர்ந்த தோழிகளுடையதைவிடக் குறைவுதான். வீட்டில் உடனே பணம் தேவை என்ற நிலை இருந்தால், முதுகலைக்கான இரண்டு ஆண்டுகளையும் இப்போதே சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வங்கிப் பணியாளர் எழுதுகிறார்:

கடனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை அடமானம் தேவையில்லை. ஏழரை லட்சம் வரை அரசின் உத்தரவாத நிதியின் கீழ் அடமானமின்றித் தர வழியுண்டு. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு அடமானமில்லாக் கடன் உண்டு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு மூன்று சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. அந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் சலுகை தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உரியது, பி.ஏ. படிப்புக்கு அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதுகிறார்:

படிப்பின் பெயர் முக்கியமில்லை என்று மேலே சொல்லப்பட்டது. ஆய்வு மையங்களுக்கு அது உண்மை. அரசு வேலைவாய்ப்பு அறிவிப்புகளைப் பொறுத்தவரை, பெயர்தான் சில கதவுகளைத் திறக்கும், சிலவற்றை அடைக்கும். முப்பது ஆண்டுகள் மாணவர்களின் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் இதை விரிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டமும் 21 வயதும் போதும். எனவே பொதுக் கொள்கை படித்தால் தடை எதுவும் இல்லை. முதன்மைத் தேர்வின் எழுத்துத் தாள்களுக்குரிய 1750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு மட்டும் 500. அந்த விருப்பப் பாடப் பட்டியலில் பொது நிர்வாகம் இருக்கிறது, அரசியல் அறிவியல் இருக்கிறது, பொருளாதாரமும் சமூகவியலும் இருக்கின்றன. பொதுக் கொள்கை என்ற பெயரில் ஒரு பாடம் இல்லை. இவள் படிப்பது பொது நிர்வாகத்துக்கு நெருக்கமாக இருக்கும், ஆனால் அதுவே இது அல்ல. தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். பொதுப் பாடத் தாள்களில், குறிப்பாக ஆட்சிமுறை பற்றிய தாளில், இந்தப் படிப்பு நிச்சயம் கைகொடுக்கும்.

இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரத்திலோ அதன் கிளைகளிலோ முதுகலைப் பட்டம் வேண்டும். இந்தியப் புள்ளியியல் பணிக்கு இளங்கலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது அதில் முதுகலைப் பட்டம் வேண்டும். கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதிலும் பொதுக் கொள்கை தனிப் பாடமாக இல்லை, பொது நிர்வாகத்திலோ அரசியல் அறிவியலிலோதான் எழுத வேண்டியிருக்கும். இப்போதே எந்தப் பக்கம் போவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதுகலையில் எந்தப் பாடத்துக்கு மாறலாம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், இவளைப் போன்றவர்களுக்காகவே செய்யப்பட்டது போல் இருக்கும்: முதல் முறை முப்பது பேர், இரண்டு ஆண்டுகள், அரசுத் துறைகளுடன் நேரடியாக வேலை, தமிழறிவு கட்டாயம். ஆனால் அதன் முதல் அறிவிப்பில், பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகிய தொழிற்படிப்புகளில் முதல் வகுப்பு இளங்கலையோ, கலை அல்லது அறிவியலில் முதல் வகுப்பு முதுகலையோ கேட்டிருந்தார்கள். பி.ஏ. மட்டும் முடித்தவர் விண்ணப்பிக்க முடியாது. டெல்லியில் நாடாளுமன்ற உறுப்பினர்களுடன் இளைஞர்களைச் சேர்த்துவிடும் லேம்ப் என்ற திட்டம் 2010 முதல் நடக்கிறது. அதற்கு எந்தப் பாடத்திலும் இளங்கலைப் பட்டம் போதும், வயது 25-க்குள் இருக்க வேண்டும். மசோதாக்களை வாசித்து உறுப்பினருக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் வேலை. எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு பொற்பள்ளி.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு மாற்றம் உண்டு. கர்நாடகத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் 2021-இல் வந்த நான்காண்டு முறையை 2024-இல் கைவிட்டு மறுபடியும் மூன்றாண்டுக்கு வந்துவிட்டார்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் பல நான்காண்டைத் தொடர்கின்றன. நான்காண்டு முடித்தவர் ஓராண்டில் முதுகலை முடிக்க வழியிருக்கிறது. மூன்றாண்டு முடித்தவருக்கு இரண்டாண்டு ஆகும். மொத்தம் ஐந்தாண்டுதான். ஆனால் நான்காவது ஆண்டின் கட்டணத்தைத் தனியாரிடம் கட்டுவதா, அந்தப் பணத்தை ஒரு நல்ல முதுகலைக்கு வைத்துக்கொள்வதா என்பது வேறு கேள்வி. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேற அந்தப் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கே சேர்ந்தாலும் அவள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டை விவாதிக்கும்போது, ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைக்கிறது. தமிழிலேயே இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உணவுத் துறையின் குறிப்பை ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். ரேஷன் அரிசி எங்கே வாங்கப்பட்டு, எந்தக் கிடங்கில் இறங்கி, எத்தனை கடைக்குப் போகிறது என்பது அதில் இருக்கும். வாசித்து முடித்த பிறகும் அவளுக்கு மேலே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால், உங்கள் சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஸ்ரீராமபுரத்துத் தந்தை மீண்டும் எழுதுகிறார்:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. பதில்களை அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அம்மாவிடம் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற தமிழ் இவ்வளவுக்கும் போதுமானதாக இருந்தது என்பதில் அவள் அம்மாவுக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

போன சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தோம். பாடத்திட்டத்தைக் கேட்டவுடன் ஓர் ஆசிரியர் அறைக்குள் அழைத்து உட்கார வைத்துக் காட்டினார். புள்ளியியல் இரண்டு பருவம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவர்களுக்கு முதல் பருவத்தில் தனி வகுப்பு உண்டு. அரசு நிதி விருப்பத் தாளாகத்தான் இருக்கிறது, கட்டாயம் இல்லை. கோடையில் எட்டு வாரம் களப்பணி. மாணவி ஒருவர் எழுதிய அறிக்கையைக் கேட்டபோது தயங்காமல் எடுத்துத் தந்தார்கள். ஏரிக்கரையில் குடியிருப்பவர்களைப் பற்றியது. என் மகள் அதை அங்கேயே ஒரு மணி நேரம் வாசித்தாள். நான் வெளியே வராந்தாவில் காத்திருந்தேன். மூன்றாம் ஆண்டில் பட்டத்தோடு வெளியேறலாம் என்று மின்னஞ்சலில் எழுதித் தந்துவிட்டார்கள்.

உதவித்தொகை முடிவு வர இன்னும் சில வாரங்கள் ஆகும். அதற்கான வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டேன். முழுக் கட்டணம் என்றால் சேர்க்க மாட்டேன், பாதியாவது குறைந்தால் மூன்றாண்டுக்குச் சேர்ப்பேன் என்று அவளிடமே பேசி முடிவு செய்திருக்கிறோம். அவளும் ஒப்புக்கொண்டாள். ஞானபாரதிக்கும் அசீம் பிரேம்ஜிக்கும் விண்ணப்பிக்கும் தேதிகளைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறாள்.

அந்தப் பதினொரு வீட்டு நோட்டை வைத்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். உணவுத் துறைக் குறிப்பை வாசித்த பிறகு எழுதியது. களத்தில் இருக்கும் ஐயா அதைப் பார்த்துச் சொன்னால் அவளுக்குப் பெரிய உதவியாக இருக்கும். கீழே இணைத்திருக்கிறேன்.

கள ஆய்வாளர் எழுதுகிறார்:

இரண்டு முறை வாசித்தேன். முதல் பக்கம் முழுவதும் திட்டத்தின் வரலாறு. அதைக் கால் பக்கமாகக் குறைக்கலாம். பாட்டியின் கணக்கைப் பற்றி இரண்டாம் பக்கத்தின் நடுவில் எழுதியிருக்கிறாள். அதை முதல் வரிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பதினொரு வீடுகளில் எட்டு வீடு அரிசி கேட்டது என்பதை வைத்து ஏழைகள் அரிசியையே விரும்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறாள். ஒரே சந்தில், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்ட கணக்கு அது. ராகி சமைக்கும் அந்த ஒரு வீட்டைப் போல தென் கர்நாடகக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அடுத்த தெருவில் இருந்தால், அங்கேயும் ஒரு பத்து வீடு கேட்கச் சொல்லுங்கள். முடிவு மாறக்கூடும். மாறாவிட்டால் இன்னும் வலுவாக எழுதலாம்.

கேட்கும்போது வீட்டில் ரேஷன் அட்டை யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கணக்கை யார் கையாளுகிறார்கள் என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். திருத்தியதை இங்கேயே போடுங்கள். அடுத்த ஞாயிறு மாலை உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.